அரிய மண் உலோகம்: சேர்த்து வைப்பதா, வேறு சுரங்கம் தேடுவதா?

2010 செப்டம்பரில் ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் அருகே படகு மோதிய தகராறுக்குப் பிறகு சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த அரிய மண் உலோகங்கள் (மோட்டார்களுக்கான வலுவான காந்தம் செய்ய உதவும் தனிமங்கள்) முடங்கின, அப்போது ஜப்பானின் தேவையில் சுமார் 90 சதவீதம் சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் சீனா சில வகைகளுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், கார் கம்பெனிகள் காந்தம் கிடைக்காமல் தவித்தன. சரி, எது மேல்?

செலவு
கையிருப்பு: சரக்கு விலை, கிடங்குச் செலவு. போட்ட பணம் தூங்கும்.
புதுச் சுரங்கம்: பெரிய தொகை. 2011இல் ஜப்பானின் அரசு நிறுவனமான ஜோக்மெக்கும் வர்த்தக நிறுவனமான சோஜிட்ஸும் ஆஸ்திரேலியாவின் சுரங்க நிறுவனமான லைனஸுக்கு 25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

வேகம்
கையிருப்பு: நாளைக்கே கைகொடுக்கும்.
புதுச் சுரங்கம்: வருடக்கணக்கில் ஆகும். லைனஸின் ஆஸ்திரேலியச் சுரங்கமான மவுண்ட் வெல்டில் தோண்டினால் மட்டும் போதாது, பிரித்தெடுக்க மலேசியாவின் குவாந்தானில் ஆலை கட்ட வேண்டியிருந்தது, கதிரியக்கக் கழிவுக்குப் பயந்து அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள், அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

நீடிப்பு
கையிருப்பு: எடுக்க எடுக்கத் தீரும்.
புதுச் சுரங்கம்: ஜப்பானின் சீனச் சார்பு சுமார் 60 சதவீதமாக இறங்கியது. ஆனாலும் டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அரிய மண் வகைகளில் பிடி இன்னும் சீனாவிடம்தான்.

சில மாதத் தடையைச் சமாளிக்க, அதுவும் சிறிய நாடு என்றால், கையிருப்பு போதும். மின்சாரக் கார், காற்றாலை என்று பெரிய உற்பத்தி வைத்திருக்கும் நாட்டுக்கு அது போதவே போதாது, சுரங்கத்தோடு பிரித்தெடுக்கும் ஆலைக்கும் இப்போதே பணம் போட்டாக வேண்டும்.