ஜிஏசி போர்ட்டல்ல (சோசியல் மீடியா கம்பெனி முடிவ எதுத்து முறையிடற அரசு வெப்சைட்) அப்பீல் போட்டுப் பாத்தேனுங்க

நொய்யல் ஆத்துல நுரை பொங்குன வீடியோவ எங்க ஊர் பேஜ்ல போட்டிருந்தோம், யாரோ கூட்டமா ரிப்போர்ட் அடிக்க சோசியல் மீடியா கம்பெனிக்காரன் தூக்கிட்டான், காரணம் கேட்டா ரூல்ஸ மீறிட்டீங்கன்னு ஒத்த வரி. எந்த ரூலுன்னு சொல்லவேயில்லீங்க. 2021 ஐடி ரூல்ஸ்படி 50 லட்சத்துக்கு மேல யூசர் இருக்கற கம்பெனியெல்லாம் இந்தியாவுலயே குடியிருக்கற ஆளா பாத்து கிரீவன்ஸ் ஆபீசரா, அதாவது புகார் கேக்கற அதிகாரியா வெக்கோணும், மொதல்ல அவருக்குத்தான் எழுதோணும். எழுதுனோம், அதே வரியத்தான் திருப்பி அனுப்புனாங்க.

அதுக்கப்பறம் போறதுதான் இந்த ஜிஏசி, கிரீவன்ஸ் அப்பலேட் கமிட்டி, அந்த ஆபீசர் முடிவு மேல அப்பீல் கேக்கற கமிட்டி. 2022 அக்டோபர்ல ரூல்ஸ திருத்தி, 2023 மார்ச் 1-ல இருந்து போர்ட்டல் ஓடுது. முழுக்க ஆன்லைன்தான், வக்கீல் வேண்டாம், டெல்லிக்கு அலையவும் வேண்டாம். நெசமாவே நல்ல வசதிங்க இது, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க ஒரு வீடியோவுக்காக ஹைகோர்ட்டுக்கா போக முடியும்? ஆபீசர் பதில் வந்து 30 நாளைக்குள்ள அப்பீல் போட்டரோணும், கமிட்டிக்காரங்களும் 30 நாள்ல முடிக்கப் பாக்கோணும்னு ரூல் இருக்கு. ஒங்க போஸ்ட்ட தூக்குனாலும் போடலாம், ஒங்கள அசிங்கமா பேசுன போஸ்ட்ட எடுக்க மாட்டேன்னாலும் போடலாம். லிங்க், ஸ்கிரீன்ஷாட், ஆபீசரோட மெயில், எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வெச்சுக்கங்க.

ஆனா ஒரு வெசனம் இருக்குதுங்க. ஒவ்வொரு கமிட்டியிலயும் மூணு பேரு, மூணு பேரையும் போடறது மத்திய அரசுதான். மொதல்ல போட்ட மூணு கமிட்டிக்கும் தலைவருங்க உள்துறை, தகவல் ஒலிபரப்பு, ஐடி அமைச்சகத்து அதிகாரிங்க. பக்கத்து வீட்டுச் சண்டைன்னா இது போதும், ஆத்துல சாயத்தண்ணி ஓடுதுன்னு அதிகாரிங்களயே கேள்வி கேக்கற வீடியோவுக்கு அரசு போட்ட ஆளுங்களே தீர்ப்பு சொல்றது எப்படிங்க சரியாகும்? அடுத்தவங்க மனசு புண்படற மாதிரி ஆன்லைன்ல எழுதுனா ஜெயிலுன்னு ஐடி சட்டத்துல இருந்த 66ஏ பிரிவ 2015ல சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணுச்சு, அந்தத் தீர்ப்பு நம்ம பேச்சுக்குக் குடுத்த தைரியம் கொஞ்சமில்ல, அந்த ஜட்ஜுங்க மாதிரி அரசுக்குக் கட்டுப்படாத ஒரு ஆளு இந்தக் கமிட்டியிலயும் ஒக்காரோணும்னுதான் நான் கேக்கறேன். அதே சட்டத்தோட 69ஏ பிரிவுல அரசே பிளாக் பண்ணச் சொன்ன போஸ்ட்டுன்னா இந்தப் பக்கமே வராதீங்க, அதுக்கு ஹைகோர்ட்டுதான், அந்த உத்தரவையும் ரகசியமா வெக்கோணும்னு 2009 பிளாக்கிங் ரூல்ஸ்லயே எழுதி வெச்சிருக்காங்க.

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன். கம்பெனி சொன்னதே முடிவுன்னு விட்டுராம போடுங்க, 30 நாள மட்டும் தாண்ட விட்டுராதீங்க.