டான்ஸ்ல மேற்படிப்பு: எம்எஃப்ஏவா, பிஎச்டியா?

டிகிரி முடிச்ச டான்ஸர்ஸ் பாதிப்பேர் குழம்பி நிக்கற இடம் இது. ரெண்டும் ஒரே ஏணியோட கீழ்ப்படி மேல்படின்னு நெனச்சுக்கறாங்க, அது அப்படி இல்லங்க.

எம்எஃப்ஏ, அதாவது மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், ரெண்டு மூணு வருஷம். காலைல டெக்னிக் கிளாஸ், அப்புறம் கோரியோகிராஃபி, ராத்திரி வரைக்கும் ரிகர்சல், கடைசில தீசிஸ்னு கேக்கறது பெரும்பாலும் நீங்களே உருவாக்கி மேடையேத்துற ஒரு படைப்பும் அதப் பத்தின எழுத்தும்தான். அமெரிக்கால இத டெர்மினல் டிகிரின்னு சொல்வாங்க, அதாவது யுனிவர்சிட்டில டெக்னிக், கோரியோகிராஃபி சொல்லிக்குடுக்கற வேலைக்கு பொதுவா இதுவே போதும். இது தெரியாம அந்த வேலைக்காகவே பிஎச்டில போய் உக்காந்தவங்கள பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

பிஎச்டின்னா அமெரிக்கால அஞ்சாறு வருஷம், மொதல்ல கோர்ஸ், அப்புறம் எக்ஸாம், அதுக்கப்புறம்தான் தீசிஸ். பிரிட்டன்ல நேரா ஆராய்ச்சி, மூணு நாலு வருஷம், ஆடி உருவாக்குன படைப்பையே தீசிஸோட ஒரு பகுதியா ஏத்துக்கற வழியும் அங்க இருக்கு.

இதுலயும் ரெண்டு கிளை. பெர்ஃபார்மன்ஸ் ஸ்டடீஸ்ல நடனம் பல விஷயங்கள்ல ஒண்ணு, அவ்வளவுதான். நியூயார்க் யுனிவர்சிட்டில 1980ல இதுக்குன்னே டிபார்ட்மென்ட் வந்துச்சு, நாடக இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர் மாதிரி ஆளுங்க நாடகத்தோட கூடவே சடங்கு, ஊர்வலம், விளையாட்டையும் சேத்து வச்சுப் பாத்தாங்க. நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டில அது கதை கவிதையை வாய்விட்டு நிகழ்த்துற மரபுலேர்ந்து வளந்தது, அங்க டுவைட் கான்கர்குட் மக்களோடயே தங்கி செய்யற களஆய்வுக்கு பேர் போனவர். டான்ஸ் ஸ்டடீஸ்ல அசைவுதான் ஆரம்பம். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட ரிவர்சைட் கேம்பஸ்ல 1993ல இதுக்கு பிஎச்டி வந்துச்சு.

டான்ஸ் ஸ்டடீஸ் வேலை எப்படி இருக்கும்னா, நான் ஒரு தடவ நாலு செகண்ட் அசைவ எழுத உக்காந்தேன். எடை வலது குதிகால்லேர்ந்து முன்பாதத்துக்கு வருது, ஆனா இடுப்பு அதுக்கு முன்னாடியே திரும்பிருச்சு, மூச்சு நடுவுல நிக்குது, வீடியோவ கால் ஸ்பீட்ல திரும்பத் திரும்ப ஓட்டி ஒன்றரை பக்கம் எழுதறதுக்குள்ள சாயங்காலமே போயிருச்சு. எனக்கு அது அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. உங்களுக்கும் பிடிச்சா டான்ஸ் ஸ்டடீஸ் உங்க இடம். எழுதறத விட்டுட்டு எந்திரிச்சு ஆடிப் பாத்தாதான் புரியும்னு கால் துறுதுறுங்குதா, எம்எஃப்ஏ போங்க.

ரெண்டும் வேணும்னா என் கருத்து, எம்எஃப்ஏ மொதல்ல. புத்தகம் பத்து வருஷம் கழிச்சும் அதே அலமாரில இருக்கும், முழங்கால் அப்படி இருக்காது. பிஎச்டில தினசரி பயிற்சி சத்தமில்லாம கொறஞ்சுகிட்டே வரும், யாரும் தடுக்கல, ஆனா நேரமே இருக்காது. அதனால சேர்றதுக்கு முன்னாடி அங்க மூணாவது வருஷம் படிக்கற ஒருத்தர்கிட்ட பேசுங்க, போன வாரம் ஸ்டுடியோல எத்தன மணி நேரம் இருந்தீங்கன்னு கேளுங்க.