கொலுசுப் பட்டறைக் கணக்குக்கு டேலியா, ஈஆர்பிநெக்ஸ்டா?

"ஓசியில் கிடைக்கிறதாமே, நம்பலாமா?" சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுக் கடைக் கணக்கை டேலி மென்பொருளிலிருந்து, நிரலை யாரும் திறந்து படித்து மாற்றக்கூடிய ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளுக்கு மாற்றியதிலிருந்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பது இதைத்தான். ஓசியெல்லாம் இல்லை. மென்பொருளுக்கு விலை கிடையாது, ஆனால் சர்வர் வாடகை, அமைத்துக் கொடுத்தவருக்குக் கூலி, வருஷ சர்வீஸ் எல்லாம் உண்டு. முதல் வருஷம் டேலியை விட அதிகமாகவே செலவானது. இருந்தும் நான் இதன் பக்கம்தான்.

பில்லும் ஜிஎஸ்டியும் இரண்டு மென்பொருளிலும் ஒழுங்காக வருகின்றன. வேகத்தில் டேலி முந்தும், மவுஸையே தொடாமல் கணக்குப்பிள்ளை வவுச்சர் போட்டுத் தள்ளிவிடுவார். டேலி 1986இல் தொடங்கிய நிறுவனம், அதனால் தெரிந்த ஆள் எளிதாகக் கிடைப்பார். ஆடிட்டரும் டேலி ஃபைலைத்தான் கேட்பார்.

சரி, எங்கே பிரிகிறது? பட்டறைக் கணக்கில். நாங்கள் கட்டி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கி, சேதாரம் கழித்து, கூலியைத் தனியாக எழுதி, டச் (வெள்ளியின் சுத்தம் எவ்வளவு என்பது) பார்த்து சுத்த வெள்ளியில் பாக்கி வைக்கிற தொழில்காரர்கள். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு எங்கள் வழக்கப்படி அப்படியே வராது, தனியாகக் காசு கொடுத்து எழுதி வாங்கத்தான் வேண்டும். டேலியில் இதை அதற்கென்றே உள்ள டிடிஎல் என்ற நிரல் மொழியில் எழுதுவார்கள், பெரும்பாலும் டிசிபி என்ற மூடிய கோப்பாகத்தான் நம் கைக்கு வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாமும் பார்க்க முடியாது, அடுத்து வருகிற ஆளும் பார்க்க முடியாது. எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போனபோது, புதிதாக வந்தவர் மொத்தத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இன்னொரு தடவை காசு!

ஈஆர்பிநெக்ஸ்டில் சர்வீஸ் ஆட்கள் நமக்காகச் சேர்த்த கட்டங்களும் ஸ்கிரிப்ட்டும் (சின்னச் சின்ன நிரல்கள்) நம் தரவுத்தளத்திலேயே திறந்து கிடக்கின்றன. இங்கேயும் நடுவில் சர்வீஸ் ஆளை மாற்றினோம். புதியவர் திறந்து படித்தார், சேதாரக் கணக்கை மட்டும் திருத்தினார், அந்த வேலைக்கு மட்டும் காசு வாங்கினார். ஈஆர்பிநெக்ஸ்டை எழுதும் மும்பை ஃப்ராப்பே நிறுவனமும் வியாபாரம்தான் செய்கிறது. கிளவுட் வாடகையிலும் சர்வீஸிலும் சம்பாதிக்கிறது. அவர்களிடம்தான் சர்வீஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை, சர்வீஸ் ஆள் சரியாகப் பேசுவதே அதனால்தான்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இதன் உரிமம் ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமம். சர்வீஸ் ஆட்கள் மாற்றி எழுதிய மென்பொருளை நம் கையில் கொடுத்தால் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். ஆனால் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு நம்மை பிரவுசரில் மட்டும் பயன்படுத்த விட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சர்வர் வாடகை நம் பெயரில் இருக்கட்டும், நிரலும் பேக்கப்பும் நமக்கே என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கம்பெனி மனசு மாறி உரிமத்தை இறுக்கினால்? ஈஆர்பிநெக்ஸ்டுக்குள் ஓடுகிற ரெடிஸ் என்ற தரவு சேமிப்பு மென்பொருளுக்கே 2024 மார்ச்சில் அது நடந்தது. பழைய உரிமத்தில் வெளிவந்திருந்த நிரலை எடுத்து, சில நாட்களிலேயே வால்கீ என்ற பெயரில் வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். மூடிய மென்பொருளில் அதற்கு வழியே இல்லை.

எங்களுடையது ஒரே கடை. நாலைந்து கிளை வைத்திருப்பவர்களுக்கு எப்படி ஓடும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சரக்கை வாங்கி விற்பது மட்டும்தான் என்றால் டேலியே போதும், மாற்ற வேண்டாம். பட்டறைக்கு வெள்ளி கொடுத்து வாங்குகிறவர்கள் ஒரு காலாண்டு இரண்டிலும் எழுதிப் பாருங்கள். பட்டறை பாக்கி கிராம் சுத்தமாக ஒத்துவந்த பிறகு டேலியை நிறுத்துங்கள்.