செகண்ட் ஹேண்ட் சி 200 கம்ப்ரஸரும் அதன் சூப்பர்சார்ஜரும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெர்சிடிஸ் சி 200 கம்ப்ரஸர் காரைப் பாளையங்கோட்டையில் சில ஆண்டுகளாக அன்றாடம் ஓட்டிவருகிறேன். 1796 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு இழுவையைத் தருவது, கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் ஈட்டன் நிறுவனத்தின் சூப்பர்சார்ஜர். அது போய்விட்டால் காரையே தள்ளிவிட வேண்டியதுதான் என்று பயமுறுத்துபவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. என் அனுபவத்தில், அதற்கென்றே உள்ள ஆயிலையும் அது இழுக்கும் காற்றையும் கவனித்துக்கொண்டால் இந்தப் பாகம் நெடுநாள் உழைக்கிறது.

நம் பகுதி மெக்கானிக்குகளுக்கு டீசல் வண்டிகளின் டர்போ நன்றாகவே பழக்கம். டர்போ புகைக்காற்றின் விசையில் சுழல்கிறது. எஞ்சின் ஆயிலே அதன் பேரிங்குக்கும் போய்ச் சேர்கிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழல்தண்டு முனையிலுள்ள கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகச் சுழல்வது. இந்த ஈட்டன் வகையில் எஞ்சின் ஆயில் அதற்குள் போவதே இல்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூக்குப் பகுதியில் நூறு மில்லிக்குச் சற்றே கூடுதலான தனி ஆயில் அடைபட்டிருக்கிறது. ஆகவே எஞ்சின் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் சூப்பர்சார்ஜருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்தச் சிறிதளவு ஆயில் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1860இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழிவந்த அமைப்பு இது: முறுக்கிய இதழ்கள் கொண்ட இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழன்று காற்றைத் தள்ளுகின்றன, ஆனால் மயிரிழை இடைவெளியில் சுழலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாமல் காப்பவை முன்புறமுள்ள இரண்டு பற்சக்கரங்கள். அவை மூழ்கியிருப்பது அந்த ஆயிலில்தான். ஆயில் சீல் வழியே கசிந்து குறைந்தால் பற்கள் தேய்ந்து, ரோட்டர்கள் உரசத் தொடங்கி, அவற்றின் மேற்பூச்சு உரிந்துவிடும். அதன்பின் வேறு யூனிட் தேடுவதைத் தவிர வழியில்லை.

இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்று எனக்கும் சொன்னார்கள். இத்தனை பழைய வண்டியில் அதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு மூக்கின் பிளக்கைக் கழற்றியபோது வந்த அழுகல் நாற்றம் பட்டறை முழுவதும் பரவியது. இந்த ஆயிலின் இயல்பே அப்படித்தான் என்பதால் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது நிறத்தையும் துகளையும்தான். விரலில் தொட்டு வெயிலில் பிடித்தேன். கறுத்திருந்தது, ஆனால் உலோக மினுக்கம் இல்லை. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் ஆயிலை பிளக்கின் மட்டம் வரை மட்டும் நிரப்பினோம். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் சீல்தான் பாதிக்கப்படும்.

ஐடிலில் கேட்டுக்கொண்டிருந்த கடகட ஒலிக்காக யூனிட்டையே மாற்றச் சொன்னது ஒரு பட்டறை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் அந்த ஒலி மறைந்ததால், தேய்ந்தது புல்லியின் சுழற்சியை ரோட்டருக்குக் கடத்தும் சிறிய பிளாஸ்டிக் கப்ளிங்தான் என்று என் மெக்கானிக் சொன்னார். பிரித்தபோது ஊசிகள் அமரும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்த கப்ளிங்கை மாட்டியதும் ஒலி நின்றது. வேகம் கூடக் கூட ஒலியும் கூடினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதன் பாதையைத் திருப்பிவிடும் ஐட்லர் புல்லியும் அதே போன்ற ஒலியை எழுப்பும் என்பதால், பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்காமல் எவரும் முடிவு சொல்லக்கூடாது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்குக் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று எவ்வளவு புழுதியை வாரிக்கொண்டு வரும் என்பது தெரியும். நுண்மணல் உள்ளே புகுந்தால் ரோட்டரின் பூச்சைத் தேய்க்கும். எனவே கையேட்டில் சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திராமல் காற்றுக்காலம் முடிந்ததும் ஏர் ஃபில்டரை மாற்றிவிடுகிறேன். ஃபில்டர் பெட்டியின் விளிம்பிலும் அதற்குப் பிந்தைய ஹோஸ் இணைப்புகளிலும் விரலை ஓட்டிப் புழுதி ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். அங்கே இடைவெளி இருந்தால் புது ஃபில்டராலும் பயனில்லை. எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடிக்கிற வயது இந்த வண்டிகளுக்கு வந்துவிட்டதால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் ஹோஸ்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஓட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பாபநாசத்திலிருந்து காரையார் ஏறும்போது, டர்போவில் உள்ள அந்தத் தாமதம் இல்லாமல், மிதித்த கணமே இழுவை கிடைக்கிறது. மைலேஜை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற வண்டி அல்ல.

ரோட்டரின் பின்முனையில் உள்ள ஊசி பேரிங்குகள் கிரீஸில் ஓடுபவை. மூக்கிலுள்ள ஆயில் அவற்றை எட்டாது. என் யூனிட்டில் அவை இன்னும் சத்தமின்றி ஓடுவதால் பிரிக்கவில்லை. பிரிக்க நேர்ந்தால் பேரிங், சீல் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதென்று பாகங்களை வாங்கி வைத்திருக்கிறேன்.