டிரெய்லரின் பின்பக்கத்துக்கு பல்பா, எல்ஈடியா, ரேடியம் ஸ்டிக்கரா?

நடுராத்திரியில் டயர் வெடித்து நான்குவழிச் சாலையோரம் நிற்கும் 40 அடி டிரெய்லருக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் கிடப்பதை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க முடியாது. காரில் வருபவர் கண்ணுக்குக் கிளை தெரியும்போது காலம் கடந்திருக்கும். அந்த வண்டிக்குப் பின்னால் எதைப் போட்டிருக்கலாம்?

24 வோல்ட் பல்பு மலிவு. எந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும், டிரைவரே மாற்றிவிடலாம். ஆனால் காலி டிரெய்லர் குதிக்கிற குதியில் இழை அறுந்துவிடும். பின்னால் இருட்டாகிவிட்டது என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எல்ஈடியில் அறுந்துபோக இழை கிடையாது. பிரேக்கை மிதித்ததும் பல்பைவிட சுமார் 0.2 விநாடி முன்னதாகவே பளிச்சென்று எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 4.4 மீட்டர், அதாவது ஒரு காரின் நீளம். கெட்டுப்போனால் பெரும்பாலும் விளக்கையே முழுசாக மாற்ற வேண்டும், அதுதான் குறை. இன்னொன்று, பல்போ எல்ஈடியோ, இரண்டுக்கும் மின்சாரம் வருவது முன் வண்டியிலிருந்து வரும் அதே கேபிளில்தான். பிளக்கில் எர்த் துரு பிடித்தால் இரண்டும் போச்சு.

ஒயரே வேண்டாத சரக்கு ரேடியம் ஸ்டிக்கர். நம் நாட்டு வாகனத் தரமான ஏஐஎஸ் 090இன்படி முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. அமெரிக்காவில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டை. அங்கே 1993 டிசம்பரிலிருந்து புது டிரெய்லர்களுக்கு இது கட்டாயம். 2001இல் வந்த அரசு ஆய்வில், இருட்டில் டிரெய்லரின் பக்கவாட்டிலும் பின்னாலும் மோதுவது 29 சதவீதம் குறைந்திருந்தது. பின்மோதலை மட்டும் எடுத்தால், சுத்தமான பட்டை 53 சதவீதம் குறைத்தது. அழுக்கானது 27 சதவீதம்தான். சிமென்ட் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆனால் வண்டி பிரேக் போடுவதையோ திரும்புவதையோ ஸ்டிக்கர் சொல்லாது. பின்னால் வருபவரின் ஹெட்லைட் படாவிட்டால் அது வெறும் சிவப்புக் காகிதம். அதனால் விளக்குக்கு மாற்றாக அதை நினைக்கக் கூடாது.

சரி, கையில் காசு குறைவு, இருக்கிற பல்புகள் எரிகின்றன என்றால்? நான் முதலில் நல்ல ஸ்டிக்கர்தான் ஒட்டுவேன், எல்ஈடி அப்புறம். கடையில் பளபளப்பதெல்லாம் நல்ல ஸ்டிக்கர் இல்லை. இருட்டில் ஐம்பது அடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், எது தேறும் என்று தெரிந்துவிடும். ஒட்டின பிறகு தார்ப்பாயை அதன்மேல் தொங்கவிட்டுக் கட்டாதீர்கள்.