இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: விமான நிலைய உதவிச் சேவைக்கு என் மதிப்பெண்

ஐந்துக்கு மூன்றரை. அதில் அந்த அரை, முழுக்க முழுக்க ஒரே ஒரு பெண் ஊழியருக்கானது. அவரிடம் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

என் நிலவரம் இது. கிளம்பும்போது எனக்குக் கர்ப்பத்தின் 27-ஆவது வாரம். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம், 13 கிலோ. நடக்கச் சொன்னால் ஓடுவான், ஓடவேண்டிய நேரத்தில் தரையில் படுத்துக்கொள்வான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு விமானம், நடுவில் இரண்டே முக்கால் மணி நேர இடைவெளி. பெட்டிக்கு ஒரு கை, பையனுக்கு ஒரு கை, இடுப்பு பிடித்துக்கொண்டால் தாங்கிக்கொள்ள ஒரு கை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. அந்த மூன்றாவது கைக்காகத்தான் விமான நிறுவனத்தின் உதவிச் சேவையைக் கேட்டேன்.

கேட்பதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல்முறை போன் செய்து, "கர்ப்பமா இருக்கேன், சின்னக் குழந்தையோட தனியா வர்றேன், உதவி வேணும்" என்றேன். குறித்துக்கொண்டேன் என்றார்கள். இரண்டு நாள் கழித்து டிக்கெட்டைத் திறந்து பார்த்தால் அப்படி எதுவுமே இல்லை. இரண்டாவது முறை போன் செய்யும்போது அவர்கள் பாஷையிலேயே பேசினேன். விமான நிறுவனங்கள் இதற்கென்று நான்கெழுத்துக் குறியீடுகள் வைத்திருக்கின்றன. படியேறவும் விமானத்துக்குள் நடக்கவும் முடியும், நெடுந்தூரம் நடக்கத்தான் வீல்சேர் வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். வீல்சேர் வேண்டாம், ஆள் ஒருவர் கூட வந்து வழிகாட்டினால் போதும் என்றால் எம்.ஏ.ஏ.எஸ்., அதாவது 'மாஸ்'. குறியீட்டைச் சொன்ன மாத்திரத்தில் மறுமுனையில் குரலே மாறிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் டிக்கெட்டில் ஏறிவிட்டது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு விமானம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் விமானத்துக்கு மட்டும்தான் ஏற்றியிருந்தார்கள்.

பெயரில் மயங்கி மாஸைத்தான் கேட்பதாக இருந்தேன். வீல்சேரில் உட்கார்ந்து போகக் கூச்சமாகவும் இருந்தது. எனக்கென்ன, கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்ற வீம்பு. போனில் பேசிய பெண்தான், "ரெண்டையும் போட்டுடறேன் மேடம், வேணாம்னா அங்க சொல்லிக்கலாம்" என்றார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும்.

செக்-இன் கவுன்ட்டரில் முதல் கேள்வி, "எத்தனை வாரம்?" பொதுவாக 28 வாரத்துக்கு மேல்தான் டாக்டர் கடிதம் கேட்பார்கள், ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரையிலும் இரட்டை என்றால் 32 வரையிலும் ஏற்றிக்கொள்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். எனக்கு 27 தான், ஆனாலும் கடிதம் வாங்கிவைத்திருந்தேன். பிரசவ தேதி எழுதிய அந்த ஒற்றைத் தாளை நீட்டியதும் மேற்கொண்டு ஒரு கேள்வி வரவில்லை. வயிற்றைப் பார்த்து வாரத்தைக் கணிக்கிற சிரமத்தை அவர்களுக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இனி அந்த அரை மதிப்பெண். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் உட்கார்ந்ததும் பையன் அலறினான், தனக்கும் வேண்டும் என்று. மடியில் வைக்க முடியாது, மடி என்று ஒன்று மிச்சமில்லை. அவர் சட்டென்று குனிந்து, "அம்மாவை நீ தள்றியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவன் கை கீழ்க்கம்பியில், அவர் கை மேல் பிடியில். முழு விமான நிலையத்தையும் அவன்தான் தள்ளிக் கடந்தான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். ஓடவில்லை, படுக்கவில்லை. வேலைக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தான்.

பாதுகாப்புச் சோதனையில்தான் அந்தப் பெண்ணின் அருமை முழுசாகத் தெரிந்தது. தனியாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்கவேண்டும். பையனின் பால், தண்ணீரைத் தனியாக எடுத்துக் காட்டவேண்டும் (குழந்தைக்கு வழியில் தேவைப்படும் அளவுக்கு 100 மில்லி வரம்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் திறந்து பார்ப்பார்கள்). இதற்கு நடுவே குழந்தை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அவர் முன்னால் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கைகளை விமானச் சிறகு மாதிரி விரித்துக் காட்டினார். இவனும் விரித்துக்கொண்டே மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்து போய்விட்டான். என்னைப் பரிசோதித்து முடிக்கும்வரை அவன் கையை அவர் விடவேயில்லை. அந்த மெட்டல் டிடெக்டர் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு: அது எக்ஸ்ரே இல்லை, பலவீனமான காந்தப்புலம்தான். எக்ஸ்ரே பைகளுக்கு.

கேட்டில் கொண்டுவிட்டு அவர் போய்விட்டார். அதோடு என் மாஸ் காலமும் முடிந்தது.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை, அது விமானக் கதவோடு நின்றுவிடுகிறது என்பது. 'முதலில் ஏறலாம்' என்பதைச் சலுகை மாதிரி சொல்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளையோடு முதலில் ஏறுவது என்றால், விமானம் நகர்வதற்கு முன்பே நாற்பது நிமிடம் அவனை அந்த இருக்கையில் கட்டிப்போட்டாக வேண்டும். கொண்டுபோன ஸ்டிக்கர் புத்தகம் ஓடுபாதைக்குப் போவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. தலைக்கு மேலே பை வைக்க நானே கையைத் தூக்கவேண்டியதாயிற்று. பின்னால் வந்த ஒரு கல்லூரிப் பையன் வாங்கி வைத்தான். இரண்டாவது விமானத்தில் புத்தி வந்து, முன் இருக்கைக்கு அடியில் நுழைகிற ஒரே பையோடு கடைசி ஆளாக ஏறினேன். எவ்வளவோ மேல்.

உள்ளே இருந்த ஊழியர்களைக் குறை சொல்லமாட்டேன். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டிப் போட்டிருக்கிறேனா என்று ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பெண் கழிவறைக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு எனக்குத் திரையாக நின்றார், ஏனென்றால் நான், என் வயிறு, பையன் மூன்றும் சேர்ந்து உள்ளே போனால் கதவு சாத்தாது. டயப்பர் மாற்ற அங்கே இருக்கிற மடக்குப் பலகையில் 13 கிலோவைப் படுக்கவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஜட்டி மாதிரி இழுத்துப் போடுகிற டயப்பராகக் கொண்டுபோயிருந்ததால், மூடிய கழிவறை மூடி மேல் நிற்கவைத்தே மாற்றிவிட்டேன். கால் வீக்கத்துக்கும் ரத்தம் கட்டாமல் இருக்கவும் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடப்பதற்கு நான் தனியாக முயற்சியே எடுக்கவில்லை. பையன் பார்த்துக்கொண்டான்.

இப்போது நடுவில் விமானம் மாறிய நிலையத்துக் கதை. ஸ்ட்ரோலரை முதல் விமானத்தின் கதவில் கொடுத்திருந்தேன், இறங்கும்போது கதவிலேயே வரும் என்றார்கள். வரவில்லை. நேராகக் கடைசி ஊருக்குப் போகும்படி சீட்டு ஒட்டிவிட்டிருந்தார்கள். சரி, வீல்சேராவது இருக்கிறதே என்றால், உதவி கேட்டவர்கள் கடைசியில்தான் இறங்கவேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். பையன் அதற்குள் தூங்கிவிட்டான். வந்த ஊழியர், "குழந்தையைத் தூக்க எங்களுக்கு அனுமதி இல்லை மேடம்" என்றார். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. தூக்காதே என்று டாக்டர் சொன்ன எடையை நானே தூக்கிக்கொண்டு ஏரோபிரிட்ஜ் முனைவரை நடந்தேன்.

பேட்டரி வண்டியில் ஏற்றி ஒரு மூலையில் இறக்கிவிட்டார்கள். வீல்சேர்க்காரர்கள் எல்லோரையும் சேர்த்துவைக்கிற இடம் அது. "இங்கேயே இருங்க, ஆள் வரும்." ஐம்பது நிமிடம். போர்டிங் பாஸ் அவர்கள் மேசையில். எழுந்துபோனால் முறை போய்விடும் என்கிறார்கள், 27 வாரக் கர்ப்பிணியை ஐம்பது நிமிடம் எழுந்திருக்காதே என்று சொல்கிற அறிவாளி யாரென்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பாட்டி, தான் சொல்லிக்கொள்வதாகக் கையால் ஜாடை காட்டி என்னைக் கழிவறைக்கு அனுப்பிவைத்தார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. திரும்பி வந்தபோது எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்தவரை முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கை என்று நான் தேடியது, அந்த ஊரில் சம்பளம் வாங்காத ஒருவரிடம் இருந்தது.

கேட் மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆள் வந்தார். ஓட்டமாக ஓடித் தள்ளினார். பையன் விழித்துக்கொண்டு, இவர் தன்னைத் தள்ளவிடவில்லை என்று கேட் வரைக்கும் அழுதான்.

கடைசி ஊரில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ட்ரோலரும் வந்தது, ஒரு சக்கரம் மட்டும் ஒருபக்கமாக இழுக்கிறது.

திரும்பும் பயணம் 31-ஆவது வாரத்தில். கடிதத்தைப் புதிதாக வாங்கியாகிவிட்டது, ஏனென்றால் பழைய தேதிபோட்ட கடிதத்தைச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு குறியீடும் இரண்டு விமானத்துக்கும் ஏறியிருப்பதை நேற்று ராத்திரி மறுபடி பார்த்துக்கொண்டேன். போர்டிங் பாஸை இந்த முறை யார் கேட்டாலும் காட்டுவேன், கையைவிட்டுக் கொடுக்கமாட்டேன். ஸ்ட்ரோலர் பெட்டியோடு செக்-இன்னில் போகிறது. நடுவில் தூங்கிவிடக்கூடாது என்று பையனிடம் பேசிவைத்திருக்கிறேன். வீல்சேரைத் தள்ள ஆள் வேண்டும் என்பதால் தூங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்.