கல்யாண நாளுக்குப் புது போன்: ஆண்ட்ராய்டா, ஐபோனா, இல்லை உங்கள் பழசா?

மனைவியோ கணவரோ நாலைந்து வருடமாக ஒரே ஆண்ட்ராய்டு போனில் காலத்தை ஓட்டுகிறார். இந்தத் தடவை மாற்றிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவாகிவிட்டது. வழி மூன்று: இன்னொரு ஆண்ட்ராய்டு, முதன்முறையாக ஐபோன், அல்லது நீங்கள் புதுசு எடுத்துக்கொண்டு உங்கள் பழசை அவரிடம் தள்ளுவது. கேமராவையும் ப்ராசஸரையும் ஒப்பிட ஆயிரம் வீடியோ கிடக்கிறது. பெட்டியைப் பிரித்த பிறகு வரும் முதல் மூன்று நாளை யாரும் ஒப்பிடுவதில்லை. "பழைய போனே நல்லாத்தான இருந்துச்சு" என்ற பேச்சு கிளம்புவது அந்த மூன்று நாளில்தான்.

வாட்ஸ்அப்: வித்தியாசம் பெரிதாகத் தெரியும் இடம்

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் வைஃபை, லொகேஷன் ஆன். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போங்கள். புதியதில் வாட்ஸ்அப் ஏற்றி நம்பரை உறுதிசெய்ததும், அதன் திரையில் வரும் க்யூஆரைப் பழைய போனால் ஸ்கேன் செய்தால் போதும்.

கூகுள் டிரைவ் வழியாகவும் கொண்டுவரலாம். ஆனால் இப்போது வாட்ஸ்அப் பேக்கப்பும் இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது. அது போட்டோக்களால் நிரம்பியிருந்தால், பேக்கப் எப்போதோ நின்றுபோயிருக்கும், அவருக்கே தெரியாது. அதனால் முதலில் கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள். 'ரீஸ்டோர்' கேட்கும் திரை ஒரு தடவைதான் வரும். அவசரத்தில் 'ஸ்கிப்' தட்டிவிட்டால், புது பேக்கப் எதுவும் எடுக்கும் முன் ஆப்பை நீக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

ஐபோனுக்கு இந்த டிரைவ் பேக்கப் செல்லாது. 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பைப் பழைய போனில் ஏற்றி, ஐபோனின் முதல் செட்டப் நடக்கும்போதே மாற்ற வேண்டும். பெட்டியைப் பிரித்த ஆசையில் செட்டப்பை முடித்துவிட்டு, "வாட்ஸ்அப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், இந்த வழிக்காக ஐபோனை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேரிடும். இரண்டு போனும் சார்ஜரில், ஒரே வைஃபையில் இருக்கட்டும். மாற்றம் முடியும்வரை பழைய போனில் அந்த ஆப்தான் திரையில் நிற்க வேண்டும். நடுவில் ஓர் அழைப்பு வந்தாலே அறுந்துபோகலாம். ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருங்கள். பாட்டுக் கோப்புகளும் பிடிஎஃப்களும் இந்த வழியில் வராது. தனியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

யுபிஐ

பின் நம்பர் மாறாது. ஆனால் ஆப் புது போனை அடையாளம் காண அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போயாக வேண்டும். 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று: இரண்டு சிம் உள்ள போனில் வங்கியில் பதியாத சிம்மைத் தேர்ந்தெடுத்திருப்பார், அல்லது ரீசார்ஜில் வெளிச்செல்லும் எஸ்எம்எஸ் இருக்காது. ஆண்ட்ராய்டில் அந்த எஸ்எம்எஸ் தானாகப் போய்விடும். ஐபோனில் புரியாத எழுத்துக் கோவையோடு மெசேஜ் திரை திறக்கும். அனுப்பும் அம்புக்குறியை அவரேதான் தட்ட வேண்டும். மோசடி மெசேஜோ என்று பயந்து மூடிவிடுபவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போன் மாறியதும் பல வங்கிகள் யுபிஐயில் பணம் அனுப்பும் வரம்பை 5,000 ரூபாய்க்கு இறக்கிவிடும். ஆண்ட்ராய்டில் 24 மணி நேரம், ஐபோனில் 72 மணி நேரம். ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம் கட்டும் வாரத்தில் போனை மாற்றாதீர்கள்.

இதோடு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஆசையையும் சேர்த்தால் கதை முடிந்தது. சிம்மை மாற்றினாலோ இ-சிம் ஆக்கினாலோ 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. ஓடிபி இல்லை, யுபிஐ பதிவும் இல்லை. பழைய சிம் அட்டையையே புது போனில் போடுங்கள். இ-சிம்மை அடுத்த வாரம் பார்க்கலாம். இ-சிம் மட்டுமே ஏற்கும் ஐபோன் ஏர் வாங்கினால் இந்த ஒரு நாள் முடக்கத்தைத் தவிர்க்க வழியில்லை.

உங்கள் பழைய போன்

செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் மூன்றிலும் அதிக வேலை வாங்குவது இதுதான். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு, போனை ரீசெட் செய்யாமல் சிம்மை மட்டும் மாற்றிக் கொடுப்பது. உங்கள் ஜிமெயில் உள்ளே இருக்கும்வரை அவர் எடுக்கும் போட்டோ உங்கள் கணக்கில் ஏறும், அவர் சேமிக்கும் நம்பர் உங்கள் காண்டாக்ட்ஸில் விழும், உங்கள் ஆபீஸ் மெயில் அவர் கையில் மணியடிக்கும். கணக்கிலிருந்து வெளியேறி, முழுசாக அழித்து, அவருடைய ஜிமெயிலில் தொடங்குங்கள். பழையது ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்காமல் கொடுக்காதீர்கள், பூட்டிக்கொள்ளும்.

பேட்டரியையும் பாருங்கள். ஐபோன் 14 வரைக்குமான மாடல்களை 500 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி ஆப்பிள் வடிவமைத்திருக்கிறது. 15 முதல் அது 1,000 சுற்று. 80-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டுக் கொடுங்கள். மதியமே அணைந்துபோகும் போனுக்குப் பரிசு என்ற பெயர் ஒட்டாது.

கைக்கும் விரலுக்கும்

எடையைக் கடையிலேயே கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேலக்ஸி எஸ்25 162 கிராம், எஸ்25 அல்ட்ரா 218 கிராம், ஐபோன் 16 170 கிராம். ஒரு கையில் பை, இன்னொரு கையில் போன் என்று பஸ் ஏறுபவருக்கு அந்த ஐம்பது கிராம் தெரியும்.

பின்னால் போகும் பட்டன் சாம்சங்கில் வலப்பக்கம். வேறு சில போன்களில் இடப்பக்கம். பழகிய கட்டைவிரல் ஒரு வாரத்துக்குத் தப்பாகவே தட்டும். சாம்சங்கில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் அந்தப் பட்டனே கிடையாது. இடது ஓரத்திலிருந்து இழுக்க வேண்டும்.

தமிழில் டைப் செய்ய ஐபோனில் அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு கீபோர்டுகளும் உள்ளேயே இருக்கின்றன. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் பேசிப் பேசியே தமிழ் எழுதுபவர் என்றால் ஆண்ட்ராய்டை விட்டு நகர்த்தாதீர்கள்.

திரைக்குள் கைரேகை சென்சார் உள்ள போனில் கடைக்காரர் ஒட்டும் மலிவான டெம்பர்டு கிளாஸ்தான் வில்லன். கேலக்ஸி எஸ் வரிசையின் அல்ட்ராசானிக் (ஒலி அலையால் ரேகையைப் படிக்கும்) சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் ரேகை பதியாது. முதலில் கிளாஸ் ஒட்டி, பிறகு ரேகையைப் பதியுங்கள். ஒரே கட்டைவிரலை இரண்டு தடவை பதிந்தால் இன்னும் நல்லது. பாத்திரம் கழுவிய ஈரக் கைக்குப் பல சென்சார்கள் திணறும், அல்ட்ராசானிக் ஓரளவு சமாளிக்கும்.

எங்கள் கணக்கு

பெரும்பாலான வீடுகளுக்கு, இப்போது வைத்திருக்கும் அதே கம்பெனியின் புது ஆண்ட்ராய்டுதான் சரி. ஒரு சாயங்காலத்தில் வேலை முடியும். கேலக்ஸி எஸ்24, பிக்ஸல் 8 முதல் அந்த வரிசைகளுக்கு ஏழு வருட அப்டேட்டும் உண்டு. ஐபோனை அவரே வாயைத் திறந்து கேட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கேட்டவர் அந்த 72 மணி நேரத்தையும் பொறுத்துக்கொள்வார். பழைய போன், அப்டேட் இன்னும் இரண்டு வருடமாவது மீதமிருந்தால்தான்.

பெட்டியை ரகசியமாக வாங்கலாம், செட்டப்பை முடியாது. அவருடைய ஜிமெயில் பாஸ்வேர்டும் பழைய போனின் லாக்கும் வேண்டும். பல பேருக்கு அந்தப் பாஸ்வேர்டு ஞாபகமே இருக்காது. பழைய போன் உயிரோடு இருக்கும்போதே மாற்றி எழுதி வையுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று டெலிவரி ஆள் வாசலில் நின்று பழசைக் கேட்டால் இதெல்லாம் நடக்காது. முடிந்தால் எக்ஸ்சேஞ்சைத் தவிர்த்து, பழையதை ஒரு வாரம் மேஜை டிராயரில் சார்ஜோடு வையுங்கள். சிம்மிலும் போன் நினைவகத்திலும் மாட்டிக்கொண்ட நம்பர்கள் அந்த வாரத்தில்தான் வெளியே வரும். அப்புறம் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால், அடுத்து வாங்குபவரிடம் போன் அந்தப் பழைய பாஸ்வேர்டையே கேட்டு நிற்கும்.